கட்டிவிட்டுப் பாடு

கார்த்திகை பிறந்தால் போதும், சென்னையின் சின்னச் சங்கீத சபாக்கள் மார்கழிக் கச்சேரிகளுக்கு அழைப்பிதழ் அடிக்கத் தொடங்கிவிடும். வழவழ அட்டை. மேலே பிள்ளையார், கீழே புரவலர்கள் பட்டியல், அதற்கும் கீழே நகைக்கடை விளம்பரம், மிச்சமிருக்கிற இடத்தில் எறும்பு எழுத்தில் பாடுகிறவர்களின் பெயர்கள். 'பகல் கச்சேரிகள் அனைத்துக்கும் அனுமதி இலவசம்' என்று கடைசி வரி. இலவசம் உங்களுக்குத்தான். மேடையில் தம்புராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறதே ஒரு பெண், அவளுக்கு இல்லை. அவள் வீட்டில் பணம் கட்டியிருக்கிறார்கள்.

எல்லாச் சபாவும் இப்படி இல்லை. பென்ஷன் பணத்தில் கை வைத்து, கூடத்து வாடகையைக் கட்டி, பாடிய குழந்தைக்கு ஒரு கவரும் பக்கவாத்தியக்காரர்களுக்கு ஆளுக்கொரு கவரும் கொடுத்து அனுப்புகிற பெரியவர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுக் குறுக்கெழுத்துப் போடலாம். நான் சொல்வது மற்றவர்களை.

சான்ஸ் கேட்டுப் போகும் அப்பாவிடம் செயலாளர் பணம் கேட்கவே மாட்டார். அவ்வளவு மட்டமான மனிதர் இல்லை.

"குழந்தை பிரமாதமாப் பாடறா ஸார், கேட்டிருக்கேன். ஆனா ஸ்லாட் எல்லாம் ஃபுல். கமிட்டியிலே பேசிப் பார்க்கறேன். நீங்களும் சபாவைக் கொஞ்சம் கவனிச்சுக்கணும்."

"எவ்வளவு ஸார்?"

"சிவ சிவா! அதெல்லாம் நான் சொல்லலாமா? உங்க மனசு. போன வருஷம் அந்த ரெண்டு மணி ஸ்லாட்டுக்கு ஒருத்தர் மனசார என்ன கொடுத்தார்னா..."

அந்த மனசுக்கு ஐந்து இலக்கம். இரண்டு மணிக்கு ஒரு மனசு, நாலு மணிக்கு அதைவிடப் பெரிய மனசு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வரிவிலக்கு கிடையாது என்பதால் காசோலையாகவே வாங்கிக்கொள்வார். சட்டத்தை மதிக்கிறவர். கைம்மாறு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது நன்கொடையே ஆகாது என்பதும் அதே சட்டம்தான். ஆனால் ரசீதில் 'கலை வளர்ச்சிக்காக' என்றுதான் எழுதியிருக்கும், 'ரெண்டு மணி ஸ்லாட்' என்று இருக்காது. சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுக்கொரு தரம் பொதுக்குழு கூட்டிக் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கில் 'இளங்கலைஞர் ஊக்குவிப்பு' என்று ஒரு தலைப்பு இருக்கும். செலவுப் பக்கத்தில் தேடாதீர்கள். வரவுப் பக்கம்.

காசோலையோடு முடிந்ததா? வயலினுக்கு அப்பா தர வேண்டும், மிருதங்கத்துக்கு அப்பா தர வேண்டும், கடம் இருந்தால் கடத்துக்கும். அதனாலேயே பல மேடைகளில் கடத்துக்குச் சங்கீதக் காரணம் எதுவும் இல்லாமல் ஓய்வு. வீடியோ எடுக்கத் தனிக் கட்டணம், அதுவும் சபா சொல்கிற ஆளிடமே. கூட்டத்தையும் அப்பாதான் கொண்டுவர வேண்டும்: அத்தை, சித்தப்பா, அடுக்குமாடிச் சங்கத் தலைவர், வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பத்தாம் வகுப்புத் தம்பி. சபா தருவது ஒரு மேடை, கரகரக்கும் மைக், ஒரு பொன்னாடை. அந்தப் பொன்னாடையும் பன்னிரண்டரை மணிக் கச்சேரிக்காரர் மறந்துவிட்டுப் போனதாக இருக்கலாம்.

இதற்கா சபா வந்தது? சமஸ்தானங்களும் ஜமீன்களும் ஓய்ந்துபோக, ஆதரவு தேடி வித்வான்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். வக்கீல்களும் வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் சேர்ந்து சந்தா போட்டு அவர்களைப் பாட வைத்தார்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசனுக்கு வேர் அங்கே. அந்தப் பெரிய மனிதர்களிடம் ஆயிரம் குறை உண்டு. யாரை மேடையில் ஏற்றினார்கள், யாரை வாசலோடு நிறுத்தினார்கள் என்று இன்றைக்கும் அவர்களோடு சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் ஒன்று: கச்சேரி கேட்கிறவன் சந்தா கட்டினான். பாடுகிறவன் வாங்கிக்கொண்டு போனான். நூறு வருஷம் ஆவதற்குள் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்ததுதான் நம் செயலாளர்களின் கலைச்சேவை. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதிய கல்கி இன்றைக்கு இருந்திருந்தால் ராகத்தை விட்டுவிட்டு ரசீதைத்தான் விமர்சித்திருப்பார்.

இரண்டு மணிக் கச்சேரியை ஒருதரம் போய்ப் பாருங்கள். மேலே மினி ஹாலில் பதினேழு பேர். அதில் பன்னிரண்டு பேர் உறவு. இரண்டு பேர் ஏஸிக்காக வந்தவர்கள். ஒருவர் நாலு மணிக் கச்சேரியின் அப்பா, மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். கீழே கேன்டீனில் டோக்கன் வாங்கிக்கொண்டு வாழையிலைக்குக் காத்திருக்கும் கூட்டம் தெருவரை நிற்கிறது. அந்தக் கேன்டீனில் சாம்பார் வாளி தூக்குகிறவருக்குக் கூலி உண்டு. ஹாலைப் பெருக்குகிற அம்மாளுக்கு, கொஞ்சமோ நஞ்சமோ, சம்பளம் உண்டு. வாசலில் வண்டிக்குச் சீட்டுக் கிழிக்கிறவருக்கு உண்டு, மைக்செட்காரருக்கு உண்டு. வேலை செய்வதற்காகத் தன் கையிலிருந்து பணம் கட்டிவிட்டு வந்திருப்பது அந்தக் கட்டடத்திலேயே ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் வேலைக்காகத்தான் கட்டடமே இருக்கிறது.

குழந்தை கல்யாணி எடுக்கிறது. அரசன் அனுப்பிய பொன்னை வேண்டாம் என்று தியாகராஜர் பாடியதாகக் கதை சொல்வார்களே, அந்தக் கீர்த்தனை. தொண்டை நன்றாகத் திறந்து, நிரவல் சூடு பிடிக்கிற இடத்தில் செயலாளர் பக்கவாட்டிலிருந்து கையைக் காட்டுகிறார். நிறுத்து. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். அவர் ரியல் எஸ்டேட். வேறு வேலை இருக்கிறது, உடனே போக வேண்டும், ஆனால் இருபது நிமிஷம் பேசுவார். தனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது என்று தொடங்கி அதை முழுதாக நிரூபிப்பார். பொன்னாடை, மரத்தட்டு, 'இளம்' என்று ஆரம்பிக்கும் ஒரு பட்டம், எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மிருதங்கம் வாசிக்கிற பையன் தொடையில் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறான். அவனுடைய தனி ஆவர்த்தனம் அந்த இருபது நிமிஷத்தில் போய்விட்டது. மூன்று நிமிஷத்தில் ஒரு கோர்வை, அவசரமாக ஒரு மங்களம், சபாஷ் சொல்வதற்குள் திரை. உள்ளே அடுத்த காசோலை சுருதிப்பெட்டியோடு நிற்கிறது.

டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் குழந்தைகள் மேல் எனக்குக் கோபமில்லை. கிளீவ்லாண்டில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. அங்கேயும் சிரத்தையாகப் பாடுகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் அவர்கள் விமானம் ஏறும்போதே இங்கே செயலாளரின் மனசு டாலராக மாறிவிடுகிறதே, அதைச் சொல்கிறேன். கல்லூரி விண்ணப்பத்துக்கு 'சென்னை மார்கழி விழாவில் பாடினார்' என்று ஒரு வரி வேண்டும். வரிக்கு விலை இருக்கிறது. அரசு இசைக் கல்லூரியில் படித்து, முதல் வகுப்பில் தேறி, ரேடியோவில் பி-ஹை கிரேடும் வாங்கிவிட்டு, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறான் ஒரு பையன். அவனுடைய அப்பாவுக்கு லாரி ஓட்டுகிற வேலை. அவனிடமும் செயலாளர் அன்பாகத்தான் பேசுவார். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்பா.' மேடை ஏற ஒரு காலத்தில் குலம் கேட்டார்கள். இப்போது குலத்தோடு வங்கி இருப்பும் கேட்கிறார்கள், இதற்குப் பெயர் முன்னேற்றம்.

நாகஸ்வரக்காரரிடம் மட்டும் யாரும் நன்கொடை கேட்பதில்லை. அவரைக் கச்சேரிக்காரராகக் கணக்கில் வைத்தால்தானே கேட்பதற்கு? திறப்பு விழா அன்று மங்கள இசை. ஜனங்கள் வண்டி நிறுத்தும்போது, மந்திரி வருகிறாரா என்று கழுத்தை நீட்டும்போது, அவர் தோடி வாசித்துக்கொண்டிருப்பார். மந்திரி கார் திரும்பியதும் 'போதும், போதும்'.

சென்னையை 2017-ல் யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சேர்த்தது. சபா செயலாளர்கள் அன்றைக்கு இனிப்பு வழங்கினார்கள். இனிப்புக்கு யார் நன்கொடை தந்தார்களோ.

இந்த விஷயத்தில் எனக்கு அதிகக் கோபம் செயலாளர் மேல்கூட இல்லை. அவர் கடை வைத்திருக்கிறார், விற்கிறார். ஆறரை மணி வித்வான்கள் இருக்கிறார்களே, அவர்கள் மேல்தான். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2015-ல் இனி டிசம்பர் சீசனில் பாடுவதில்லை என்று அறிவித்தார். அதற்காக அவரை வைதவர்கள் பலர், வாழ்த்தியவர்கள் சிலர். அவர் விலகினால் அது செய்தி. இரண்டு மணிக் குழந்தை 'வரமாட்டேன்' என்றால் அது காலி ஸ்லாட். அரை மணி நேரத்தில் வேறு மனசு கிடைத்துவிடும். ஆகவே இதைக் கேட்கக் கூடியவர்கள் மேலே இருப்பவர்கள்தான். அவர்களுக்குத் தெரியாதா? தன் சிஷ்யை எந்தச் சபாவில் எவ்வளவு கட்டினாள் என்று ஒவ்வொரு குருவுக்கும் தெரியும். பல பேருக்கு அந்தச் செயலாளரின் போன் நம்பரைக் கொடுத்ததே குருதான். ஆறரைக்கு நிறைந்த அரங்கில் பாடிவிட்டு வாங்குகிற கனத்த கவரில், பகலில் பாடிய குழந்தையின் அப்பா பிராவிடண்ட் ஃபண்டில் எடுத்த பணமும் இருக்கிறது. அதை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, 'இந்தத் தலைமுறை பாவத்தோடு பாடுவதில்லை' என்று பேட்டி கொடுக்கிறீர்களே, ஐயா. பாவம் யார் கணக்கில் ஏறுகிறது?

பத்துப் பேர், பத்தே பத்துப் பிரபலங்கள், 'பகல் ஸ்லாட்டுக்குப் பணம் வாங்குகிற சபாவில் சாயங்காலம் பாடமாட்டோம்' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அடுத்த மார்கழியில் இந்த வியாபாரம் படுத்துவிடும். போடமாட்டார்கள். சபாவைப் பகைத்துக்கொண்டால் விருதுக் கமிட்டியில் யார் பேசுவது?

ஆகவே கேட்க வேண்டியது இலவசமாக உட்கார்ந்திருக்கும் நீங்களும் நானும்தான். இந்த மார்கழியில் எந்தச் சின்ன ஹாலுக்குப் போனாலும், கச்சேரி முடிந்ததும் செயலாளரைப் பிடித்து நாலு பேர் முன்னால் கேளுங்கள்: "இந்தக் குழந்தைக்கு எவ்வளவு கொடுத்தீங்க? வயலினுக்கு யார் கொடுத்தா?" அவர் சிரித்து, தோளில் கை போட்டு, கீழே அழைத்துப் போய் டிகிரி காபி வாங்கித் தருவார். காபி நன்றாகவே இருக்கும். குடித்துவிட்டு மறுபடியும் கேளுங்கள்.