மூன்று மணி நேரத்தை மூன்று மணி நேரத்தில் நகலெடுத்தல்

பதிவுப் பெட்டியில் பிடித்துவைத்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை டிவிடி இறுவட்டுக்கு மாற்றும் வேலை, இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பெட்டி நிரம்பிவிட்டது, பெட்டியை மாற்றப்போகிறார்கள், கொழும்பில் கடையில் நிற்கும் மகன் கேட்டான் என்று அதற்குக் காரணம் மூன்று. வீட்டில் சொல்லப்படுவது மூன்றாவது; உண்மையானது முதலாவது.

பதிவுப் பெட்டி இரு வகைப்படும். ஒன்றில் ஹாட் டிஸ்க் உள்ளேயே இருக்கும். மற்றதன் பின்பக்கத்தில் பென் டிரைவைச் செருகவேண்டும். இரண்டிலும் பெரும்பாலான பெட்டிகள் பதிவைப் பூட்டியே வைக்கும். சாவியும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால், அது ஒன்றும் புரியாமல் 'போர்மட் செய்யவா?' என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்கும். அவ்வளவு மரியாதையாகக் கேட்பதற்கு 'இல்லை' சொல்ல மனம் வராத மருமகன் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஆறு மாதப் பதிவு ஆறு விநாடியில் காலியாகும்.

ஆகவே கம்பி வழியே பாதுகாப்பான வழி. புதிய எச்டிஎம்ஐ கம்பியில் நகல் தடுப்பு இருப்பதால், பழைய மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளே கைகொடுக்கும். மஞ்சளில் படம், வெள்ளையில் இடப்பக்க ஒலி, சிவப்பில் வலப்பக்க ஒலி. பெட்டியின் 'அவுட்' துளையிலிருந்து டிவிடி ரெக்கோடரின் 'இன்' துளைக்கு அவை போகவேண்டும். இரு முனையையும் 'அவுட்'டிலேயே குத்தியவர்கள் மூன்று மணி நேர நீலத்திரையைப் பழுதில்லாமல் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அடுத்தது இடக்கணக்கு. இறுவட்டின் உறையில் 4.7 ஜிபி என்றிருக்கும், கணினி 4.37 என்றுதான் காட்டும். மலையில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் அதிர்ச்சி இல்லை. ஆனால் இங்கே யாரும் கழிக்கவில்லை. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; கணினி 1,024 ஆக எண்ணுகிறது. இந்த இடத்தில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் அடங்கும். நான்கு மணி, ஆறு மணி என்றும் திணிக்கலாம்; ஆறு மணியில் கதாநாயகிக்கும் மாமியாருக்கும் முகவேறுபாடு தெரியாது.

2011 ஏப்ரல் 2ஆம் திகதி நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு நல்ல தரத்தில் நான்கு இறுவட்டு வேண்டும். இலங்கை 274 ஓட்டம் எடுக்க, மஹேல ஜயவர்தன 103 ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் நிற்பதை முதல் இரண்டில் அடக்கிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டால் செலவு பாதி. ஆறு விக்கெட் தோல்வியும் வீட்டுக்குள் வராது.

தொடருக்கு இந்தத் தந்திரம் செல்லாது. 2009இல் முடிந்த 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டியது. விளம்பரத்தோடு ஓர் இறுவட்டுக்கு நான்கு அரைமணிப் பகுதி என்றால் 375 இறுவட்டு. ஒன்றின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர், அடுக்கினால் 45 சென்ரிமீற்றர் உயரம், அதாவது ஒரு கதிரையின் உயரம். பார்ப்பவர் அதன் மேலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

நகல் நிகழ்ச்சியின் வேகத்திலேயே ஓடும். மூன்று மணி நேரப் பட்டிமன்றத்துக்கு மூன்று மணி நேரம். திரையில் வருவதெல்லாம் பதிவாகும் என்பதால் ஒருவர் காவல் இருக்கவேண்டும். நடுவர் தீர்ப்புச் சொல்லும் வேளையில் 'உங்கள் மீதிப் பணம் முடியப்போகிறது' என்று பெட்டி எழுதிக்காட்டினால், அதுவும் தீர்ப்போடு நிரந்தரமாகப் பதியும். காவலுக்கு மிகப் பெரிய சவால் அம்மாயி.

"நேத்துப் பாத்ததையே என்னாத்துக்குடா திரும்பப் போடுற?"

"பாக்கல அம்மாயி, கொப்பி எடுக்கிறேன்."

"பாக்காட்டி அப்ப நாடகத்தப் போடு."

ரிமோட் கைமாறினால் பட்டிமன்றத்தின் இரண்டாம் பாதியில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள்.

இரத்தினபுரி மாவட்டத்தின் வானிலையையும் கணக்கில் எடுக்கவேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கனமழையில் டிஷ்ஷுக்கு வரும் அலை மெலிந்து படம் கட்டம் கட்டமாக உடையும். பதிவின்போது பெய்த மழை நகலிலும் பெய்யும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கும். முதல் முழக்கத்திலேயே வீட்டிலுள்ள ப்ளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவது வழக்கம். மின்னலுக்கு அஞ்சிப் பிடுங்கியதா, மின்சார சபை பிடுங்கியதா என்று இறுவட்டுக்குத் தெரியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றபோது, நகல் எடுக்கும் பேச்சே எழவில்லை.

பதிந்து முடித்ததும் 'பைனலைஸ்' செய்யவேண்டும். இது இறுவட்டுக்குப் பொருளடக்கம் எழுதி மூடும் சடங்கு. சில நிமிடம்தான், ஆனால் எல்லோரும் மறப்பது இதைத்தான். மறந்தால் பதிந்த ரெக்கோடரைத் தவிர வேறெதிலும் ஓடுவது அரிது. கொழும்பு மகன் அழைத்து "ஒண்ணும் வரலியே" என்பான். நடுவில் கரண்ட் போய்ப் பழுதானதைக் குவளைக்கு மூடியாகவும் வைக்கமுடியாது, ஓட்டை இருக்கிறது.

கடைசி வேலை, பெயர் எழுதி வைப்பது. மார்க்கர் பேனையால் எழுதி, வெயிலும் ஈரமும் படாமல் நிமிர்த்தி வைக்கவேண்டும். வருடத்தை எழுதவேண்டும் என்பது விதி. 'தீபாவளி' என்று மட்டும் எழுதுவது நடைமுறை. நாலைந்து வருடத்தில் அலுமாரியில் இருப்பதெல்லாம் 'தீபாவளி' ஆகிவிடும். எது எந்தத் தீபாவளி என்றறிய ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு நேரம் கிடைப்பது, அவற்றை மறுபடி வேறொன்றுக்கு நகலெடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான்.