ஹிட்டதிகாரம்: கேமரன் மலைப் படலம்

சூத்திரம்:
கேட்பார் இன்றியும் வாய்வரு பாட்டே
ஹிட்டென மொழிப மலைத்தோட் டத்தே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், ஒரு பாட்டு வென்றதா என்று அளக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. எடுத்துக்காட்டு அலிகேட்ஸ். 1960களின் கடைசியில் பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களை முன்னிறுத்தி எழுந்த இசைக்குழு இது. ஹாங்காங் கிளப்புகளில் வாசித்துவிட்டுத் திரும்பி, மலாய்ப் பாட்டுகளால் நாடெங்கும் பேர் வாங்கியது. ‘தெரிமா காசி’, ‘ஹிங்கா அக்கிர் நந்தி’ முதலியன அவற்றுட் சில. எம். நாசிரும் இவர்களுக்கு மெட்டமைத்தார். சகோதரர்களின் ஆஃப்ரோ முடி தனி ஆய்வுக்குரியது. ஈண்டு விரிப்பின் பெருகும்.

விற்ற கேசட்டை எண்ணினால் போதாதோ எனின், போதாது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் திருட்டுக் கேசட் விற்றவர் எவரும் கணக்குக் காட்டியதில்லை. ஒழுங்காக வாங்கிய ஒன்றையும் லாரி ஓட்டுநர் போட்டால் லாரி முழுக்கக் கேட்கும். விற்பனை ஒன்று, காது இருபது.

வானொலியில் எத்தனை முறை ஒலித்தது என்று பார்க்கலாமே என்பாரும் உளர். அவர் தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்குக் காரில் ஏறியறியாதார். பண்பலை நேர்கோட்டில் போவது, மலை வழிவிடாது. ஒரு வளைவில் பல்லவி, அடுத்த வளைவில் இரைச்சல், அதற்கடுத்ததில் வேறொரு நிலையத்தின் விலைவாசிச் செய்தி. இவ்வாறு கேட்டதை ஒரு முறை என்று எண்ணுவதா, மூன்றிலொரு முறை என்பதா? அறிஞர் முடிவுசெய்யட்டும். டிவி3இன் ஜுவாரா லாகு பாட்டுப் போட்டியை வைத்து அளக்கலாமே எனின், அது 1986இல்தான் பிறந்தது. குழு அதற்குள் ஊரறிந்துவிட்டது.

ஆகவே அளவுகோலைத் தோட்டத்திலேயே தேடுதல் வேண்டும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ முதலான தேயிலைத் தோட்டங்களின் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, உலர்த்தி, கடைசியில் சலிப்பார்கள். முழு இலை, உடைந்த இலை, துகள், தூள் எனத் தரம் பிரியும். இத்தரம் இலைத்துண்டின் அளவைத்தான் சொல்லும், உயர்வு தாழ்வை அன்று. சுற்றுலா வருவோர் இதைக் கேட்பதில்லை. முழு இலைப் பெட்டியையே வாங்கிப் போகிறார்கள். தூளோ கொதிநீர் பட்டவுடன் கருத்து இறங்கும், பாலைத் தாங்கும். மாமாக் கடையில் தே தாரிக் நிற்பது அதன் பலத்தில். ஆல்பத்தைச் சலித்தால் அடித்தட்டில் விழுவதே ஹிட் பாட்டு: சிறியது, கடுப்பானது, எந்தக் கோப்பையிலும் சாயம் விடுவது. விமர்சகர் முழு இலையை முகர்ந்துகொண்டிருக்கட்டும்.

அற்றேல், மலாயில் பாடியது தோட்டத்துத் தமிழருக்கு எங்ஙனம் தம் பாட்டாயிற்று எனின், தகப்பன் பேர் ஆறுமுகம் என்க. லயத்து வழக்கில் இதற்கு மேல் சான்று கேட்பது மரியாதைக் குறைவு. பாடினவர் இருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. லோகநாதன் 2007இல் மறைந்தார்; சூத்திரத்தில் அதற்கு நிபந்தனை இல்லை.

இனிப் புறனடை. கையால் கிள்ளிய காலத்தில் வாய் சும்மா இருந்தது, பாட்டு வந்தது. இப்போது சரிவுகளில் இருவர் ஆளுக்கொரு புறம் பிடித்து நகர்த்தும் வெட்டு இயந்திரம் இரைகிறது. பிடித்திருப்பவர் பலரும் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேபாளியர். அவர் வாயில் என்ன பாட்டு இருக்கிறது என்பதை இயந்திரம் நின்றபின்தான் கேட்க வேண்டும். அப்போது தேநீர் வேளை. யாரும் பாடுவதில்லை, போனைப் பார்க்கிறார்கள். சூத்திரம் பொய்த்ததோ எனின், அன்று. சான்று கேட்கவில்லை, அவ்வளவே.

இன்னோர் ஐயம். அலிகேட்ஸ், கோலாலம்பூரைச் சிரிக்கச் சொல்லி ‘சென்யும்லா கோலாலம்பூர்’ பாடினார்கள். கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு அப்படியொன்று பாடாதது ஓரவஞ்சனை அன்றோ எனின், அன்று. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் சாலையில் அசையாமல் நிற்கும் கார்களின் எண்பலகைகளைப் பார்த்தால் விளங்கும். பெரும்பாலும் கோலாலம்பூர்க்காரர்களே. அந்தப் பாட்டையே அங்கு போடலாம். சிரிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களும் அவர்கள்தாம்.