மோட்டருக்கு ஜாதகம் பார்ப்பவர்

மாசி மக உற்சவத்தன்று மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதியில் அசைந்து வர, ஊரே கைகூப்பி அம்பாளைத் தரிசித்து நிற்கையில், ஒருவர் மாத்திரம் விளையாட்டுச் சாமான் கடைக்கு முன்னே குந்தி, அங்கு சுழன்றுகொண்டிருக்கும் பிளாஸ்டிக் பொம்மையின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாராயின், அவரே மோட்டர் மாமா என்று நீங்கள் நிச்சயித்துக்கொள்ளலாம். சுழல்கின்ற வஸ்து எதுவாயினும், அதனுள்ளிருக்கும் மோட்டரின் குலம் கோத்திரத்தை விசாரித்து அறியாவிட்டால் அன்னாருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மாதிரி விமானம் செய்து பறக்கவிடுவதே தம் பொழுதுபோக்கு என்று அவர் சொல்லுவார். அதை நம்பிவிடக் கூடாது. விமானம் வெறும் வியாஜமே. 2022ஆம் ஆண்டிலே ரூபாய் வீழ்ந்து, 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியபோது, பிறநாட்டிலிருந்து புது மோட்டர் தருவிக்க இயலாமற் போயிற்றே என்று மற்றவர்கள் விசனப்பட்டார்கள். இவரோ உள்ளூர ஆனந்தப்பட்டார். எல்லா விவரத்தையும் பெட்டியின்மேல் அச்சடித்துக்கொண்டு வருகிற மோட்டரிலே ஒரு மனுஷன் கண்டுபிடிப்பதற்கு என்ன இருக்கிறது?

பழைய இரும்புக் கடையிலே அவர் மோட்டர் வாங்குகிற அழகே அழகு. முதலில் முகர்ந்து பார்ப்பார். கருகிய வார்னிஷ் வாடை அடித்தால், செப்புச் சுருள் வெந்துபோயிற்றென்று மறுபேச்சின்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பரீட்சையில் தேறிவிட்டால், வெளியே நீண்டிருக்கும் மூன்று கம்பிகளின் நுனிகளையும் ஒன்றாக முறுக்கி, தண்டை இரு விரல்களால் மெல்லத் திருப்புவார். சுருள் பழுதுபடாத மோட்டரானால், கம்பிகள் கூடியதும் தண்டு இறுகி முரண்டு பிடிக்கும். சொன்னபடி கேட்டு இலகுவாகச் சுழன்றால் உள்ளே ஏதோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். (மனிதரிடத்தில் பணிவையே போற்றும் இவர், மோட்டரிடத்தில் மாத்திரம் முரட்டுக் குணத்தை விரும்புவது ஒரு விசேஷம்.)

“என்னா மாஸ்டர், தேறுமா?” என்பார் கடைக்காரர்.

“உசுரு இருக்கு நாநா. வம்சத்த வீட்டுல போயித்தான் பாக்கணும்.”

வீட்டிலே ஜாதக கணிதம் ஆரம்பமாகும். துளைபோடும் மெசினின் வாயில் மோட்டரின் தண்டைக் கவ்வ வைத்து, நிமிஷத்துக்கு 2800 சுற்றாகச் சுழற்றி, இரண்டு கம்பிகளுக்கிடையே மீட்டர் 2 வோல்ட் காட்டினால், அதை 1.414ஆல் பெருக்கி, வந்த தொகையால் சுற்றுகளை வகுத்து, வோல்ட்டுக்கு ஏறக்குறைய 990 சுற்று, ஆகையால் இது 1000 கேவி என்று, பிள்ளை பிறந்த செய்தியை அறிவிப்பவர்போல் அடுக்களைப் பக்கம் பார்த்து அறிவிப்பார். அடுக்களையிலிருந்து பதில் வருவதில்லை. பின்னர், உள்ளே சுருள் சுற்றிய இரும்பை அளந்து 2212 என்று ஒரு கம்பெனியும், வெளிக்கூட்டை அளந்து 2830 என்று இன்னொரு கம்பெனியும் ஒரே மோட்டருக்கு இரண்டு பெயர் சூட்டுகிற அக்கிரமத்தைப் பற்றிய பிரசங்கம். அகப்பட்டவர் கேட்டே தீரவேண்டும். பழைய சீ.டி. டிரைவிலிருந்து ஒன்பது பல்லுள்ள குட்டி மோட்டரைப் பெயர்த்து, மெல்லிய கம்பியை அவிழ்த்துத் தடித்த கம்பி சுற்றி, பன்னிரண்டு காந்தத் துண்டுகளை ஒட்டி உயிர்ப்பித்த பூர்வ காலத்துச் சாகசமும் அதன் உபகதையாக வரும். உதவி செய்வதாக நினைத்து அயல்வீட்டார் மிக்ஸி மோட்டரொன்றைக் கொண்டுவந்து நீட்டினால், “இதப் பூட்டுனா சீகிரியா ஏயார் போர்ஸ் காரங்கதான் ஓடுபாதை தரணும்” என்பார்; ஆனால் மோட்டரைத் திருப்பிக் கொடுக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமையன்று, ரெஜிபோம் பலகையிலே அறுத்த விமானத்தை, தோட்டத்துப் பையன்கள் புடைசூழ அவர் பறக்கவிட்டார். மோட்டர் குற்றமின்றி முழங்கிற்று. விமானந்தான், எழும்பிய வேகத்திலே ஒரு கராம்பு மரத்தைத் தேடிப் போய் அடைக்கலம் புகுந்தது.

“ரெக்க ஒடஞ்சிருச்சி மாமா!” என்றான் மரத்தில் ஏறிய பையன்.

“ரெக்க கெடக்குதுடா. தண்டு சுத்துதான்னு பாரு!”

அச்சமயம் மரத்துக்குச் சொந்தக்காரர், மருந்தடிக்கும் மெசினை முதுகில் சுமந்தபடியே, கராம்புக் கொப்பு முறிந்ததற்கு நியாயம் கேட்டு உரத்த குரலில் வந்து சேர்ந்தார். மாமா அவர் சொன்னதையெல்லாம் தலைகுனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தபோதிலும், கண்கள் மட்டும் அவருடைய முதுகுப் பக்கமே போய்க்கொண்டிருந்தன.

“மன்னிச்சுக்கங்க ஐயா. கொப்புக்கு உள்ள காசக் குடுத்துர்றேன். இந்த மெசினு பெற்றில ஓடுறதா? பம்புக்கு உள்ள என்னா மோட்டருங்க?”