ஃபவுண்டர் தம்பி

காலை பதினொரு மணிக்குச் சங்கரன்கோவில் டீக்கடையில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் இளைஞர் இரண்டு வகைதான். ஒன்று வேலை கிடைக்காதவர், இன்னொன்று கம்பெனி தொடங்கியவர். லேப்டாப் பையைப் பெஞ்சில் வைக்காமல் மடியில் வைத்திருந்தால் இரண்டாமவர். டீக்குக் காசு கொடுத்துவிட்டு அந்தப் பன்னிரண்டு ரூபாயை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்தால் சந்தேகமே வேண்டாம், ஃபவுண்டர்.

நம் ஃபவுண்டர் தம்பி சென்னை சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை பார்த்தவர். 2020-இல் இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். கொரோனா போன பிறகு கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. போக மனசு வரவில்லை. அம்மா கைச் சாப்பாடு ஒரு காரணம், மத்தளம்பாறை இன்னொரு காரணம். தென்காசிப் பக்கத்துக் கிராமமான அந்த ஊரில் 2011-இல் ஸோஹோ மென்பொருள் கம்பெனி அலுவலகம் திறந்ததிலிருந்து, இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது ராத்தூக்கம் கெட்டிருக்கிறது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு வேட்டி கட்டி சைக்கிளில் போகிற படத்தைப் பார்த்து, தம்பியும் வேட்டி கட்டிச் சைக்கிளில் போய்ப் பார்த்தார். அன்று சாயங்காலமே, “பைக்கு அடகுக்குப் போயிருச்சாம்” என்று மேல ரத வீதி முழுக்கப் பேச்சு. சைக்கிளில் போக முதலில் ஆயிரம் கோடி சம்பாதித்திருக்க வேண்டும் என்ற நுணுக்கம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

தம்பியின் கம்பெனி ‘பி டு பி சர்வீசஸ்’. வியாபாரிகளுக்குப் பில் போட்டு, பாக்கியைக் கணக்கு வைத்து, கெடு தாண்டிய பார்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பி, ஜிஎஸ்டி தேதிகளையும் ஞாபகப்படுத்துகிற சேவை. அம்மா இதைப் பக்கத்து வீட்டில் “கணக்கு எழுதுற வேலை” என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். தம்பிக்கு அதற்கு இருபத்திரண்டு ஸ்லைடு தேவைப்படுகிறது.

முதல் ஸ்லைடில் சங்கரநாராயணர். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பத்மன் என்ற இரு நாக அரசர்கள் வாதாட, கோமதி அம்மன் தவமிருக்க, பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சாமி காட்சி கொடுத்த ஊர் இது. படத்துக்குக் கீழே ‘உலகின் முதல் பார்ட்னர்ஷிப்’ என்று தம்பி போட்டிருந்தார். அதைப் பார்த்த ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “சாமிய ஏன்டே யாவாரத்துக்கு இழுக்க?” கேட்டவர் தலைக்கு மேலே தொங்கிய கடைப் பலகையில், அம்மன் படம் கடைப் பெயரைவிடப் பெரிதாக இருந்தது.

தம்பி குறி வைத்தது ஊரின் விசைத்தறி ஜவுளிக்காரர்களை. குறி சரிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். கடனில் நூல் வாங்கி, தறிக்காரருக்குப் பாவும் ஊடையும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்கி, சேலையை வெளியூருக்குக் கடனில் அனுப்புகிற தொழில். நூல்காரருக்கு ஜவுளிக்காரர் கொடுக்க வேண்டும், சேலைக்காரர் இவருக்குக் கொடுக்க வேண்டும். தறிக்கூலி மட்டும் வாரா வாரம் ரொக்கம். இத்தனை பாக்கி புழங்குகிற இடத்தில் பாக்கி வசூலுக்கு ஒரு கருவி விற்காதா?

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். தொழிலில் என்ன கஷ்டம் என்று தம்பி ஆரம்பித்ததும் நூல் விலை, கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை, மின்வெட்டு, இரண்டாவது மருமகன் என்று முக்கால் மணி நேரம் வரிசையாகச் சொன்னார். தம்பி எல்லாவற்றையும் டைப் செய்துகொண்டார். பிறகு டெமோ. வராத பாக்கி சிவப்பில், வரப்போகிற பாக்கி மஞ்சளில்.

“நல்லாருக்கு தம்பி. மெசேஜு தானாப் போயிருமோ?”

“கெடு முடிஞ்ச மறுநாள் காலையில ஒம்பது மணிக்குப் போயிரும் அண்ணாச்சி.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

“எங்க சம்பந்தக்காரருக்குமா?”

தம்பி இந்தக் கேள்விக்கு ஸ்லைடு போட்டு வைக்கவில்லை.

ஆனாலும் அடுத்த அஸ்திரம் எடுத்தார். சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிப் பக்கத்திலிருந்தும் பின்னால் ஒரு பிடி போட்டார்கள். 2024 தொடக்கத்தில் ஜவுளி வட்டாரம் முழுக்க அதே முணுமுணுப்பு. தம்பி இதையெல்லாம் சேர்த்து ஒரு கடித மாதிரியே தயாராக வைத்திருந்தார். பார்ட்டி பெயரை மட்டும் நிரப்பினால் போதும்.

அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு முறை படித்தார்.

“எழுத்து நல்லாருக்கு. இத அனுப்புனா பணம் வரும்லா?”

“கண்டிப்பா வரும்.”

“அடுத்த ஆர்டரு?”

தம்பி பேசாமல் இருந்தார். அண்ணாச்சி கடிதத்தைப் பத்திரமாக மடித்தார். “நூலுக்காரன் நமக்கு இப்படி ஒண்ணு அனுப்பாம இருக்கணும். அதுக்கு ஏதும் வழி இருக்காடே ஒன் கம்பெனியில?”

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பாக்கி என்பது வராத பணம் மட்டும் அல்ல, அறாத உறவும்தான். மொத்தமாகத் தீர்த்துவிட்டால் பார்ட்டி வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் இரண்டு பக்கமும் உண்டு. ஒரு பாக்கியை எப்போது கேட்பது, கல்யாண வீட்டிலா, இழவு வீடு முடிந்து பதினாறு கழித்தா என்பதெல்லாம் அண்ணாச்சி மண்டைக்குள் இருக்கிற கணக்கு. தம்பியின் மென்பொருளுக்குக் காலை ஒன்பது மணிதான் தெரியும்.

விலையும் தகராறு. ‘மாதம் 999 மட்டும்’ என்று சென்னைப் பழக்கத்தில் போட்டிருந்தார். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,178 ரூபாய் 82 காசு. “அந்த எண்பத்திரண்டு காச எந்தக் கல்லாப்பெட்டியில தேட?” என்று ஒருவர் பில்லையே திருப்பி அனுப்பினார். முதல் மாதம் இலவசம் என்றதும் பலர் சேர்ந்தார்கள். இரண்டாம் மாதம் கேட்டதற்கு, “ஒங்க அப்பாகூட ஒண்ணாப் படிச்சவன்டே நான்” என்று பதில் வந்தது. தம்பியின் டாஷ்போர்டில் இப்போது மிக நீளமான சிவப்புப் பட்டியல் அவருடைய சொந்தக் கம்பெனியுடையது.

விளம்பரத்தில் அவர் பார்க்காத வழி இல்லை. ஆடித்தபசுக்குக் கியூஆர் கோடு ஒட்டிய நீர்மோர்ப் பந்தல் போட்டார். விவசாயிகள் பருத்தியும் மிளகாய் வத்தலும் சப்பரத்தில் வீசி நேர்ந்துகொள்கிற, லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிற நாள். அண்டா அண்டாவாக மோர் தீர்ந்தது. அவருக்கு வேண்டிய வாடிக்கையாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் வெள்ளைச் சட்டையில் மண்டகப்படிப் பக்கம் நின்றிருந்தார்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்தவர்களில் ஒருவர் சாத்தூரிலிருந்து போன் செய்து, அடுத்த வருஷம் சர்பத்தும் உண்டா என்று விசாரித்தார்.

கடைசியில் தம்பி ஆடிட்டரிடம் போனார். முதலில் ஆடிட்டரை ஒழித்துக் கட்டுவதுதான் இருபதாவது ஸ்லைடு. ஆனால் எந்தக் கடையில் ஏறினாலும், “ஆடிட்டர் என்ன சொல்லுதாரு?” என்றுதான் பேச்சு முடிந்தது. ஆடிட்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ஒன் கம்பெனி ரிட்டர்ன் போட்டாச்சா?” என்று கேட்டார். தம்பி தலையைச் சொறிந்தார். ஆடிட்டர் அவரை ஒரு வாரம் பெஞ்சில் உட்கார வைத்து, பிறகு ஒரே ஒரு யோசனை சொன்னார்: “காலண்டர் அடி.”

சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றே வெளியிட்டுவிடுவார்கள். தம்பி போனது மார்கழியில். அச்சகக்காரர் சிரித்துவிட்டு, மிச்சமிருந்த நேரத்தில் அடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டார். தம்பி பெரிதாக லோகோ கேட்டார். “லோகோவ எவன் தம்பி சுவத்துல மாட்டுவான்?” என்று அவர் கோமதி அம்மன் படத்தை எடுத்துப் போட்டார். அடியில் தம்பியின் போன் நம்பர். தினத்தாளில் ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே, ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடுவாக 11-ஆம் தேதி ‘ஜிஎஸ்டிஆர் 1’, 20-ஆம் தேதி ‘3பி’ என்று சிவப்பில்.

தை மாதத்துக்குள் ஊரில் பாதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே அந்தக் காலண்டர் ஏறிவிட்டது. போன் அடிக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு ஒரு காலண்டர், மச்சான் கடைக்கு ஒன்று. மார்ச் மாதம் அந்தப் பழைய அண்ணாச்சியே கூப்பிட்டார்.

“தம்பி, இருபதாம் தேதி 3பின்னு போட்ருக்கியே.”

“ஆமா அண்ணாச்சி, கடைசி நாள். மாசா மாசம் நாங்களே ஞாபகப்படுத்தி...”

“அன்னைக்குக் கரிநாளுடே. கரிநாள்ல எவன் பணம் கட்டுவான்? ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா, கேட்டுப் பாரேன்.”

தம்பி ஒரு நிமிஷம் யோசித்தார். லேப்டாப்பைத் திறக்கவே இல்லை.

“மேல பேசிட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி. நீங்க கடையில இருங்க, நேர்ல வாரேன்.”