ஆமணக்குத் தோட்டம்

பாஞ்சாலங்குறிச்சியில் எனக்குக் கால் சென்ட் நிலம் கிடையாது. ஆனால் இணையத்தில் பாஞ்சாலங்குறிச்சியே என்னுடையதுதான். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத் தப்பாக எழுத முடியுமோ, அத்தனை டாட் காமும் என் பெயரில் பதிந்திருக்கின்றன.

இவற்றில் ஒன்றிலும் நான் எதையும் கட்டவில்லை. கட்டாமல் போட்டுவைப்பதுதான் தொழில். 'டொமைன் பார்க்கிங்' என்பார்கள். கட்டபொம்மன் கோட்டைக்கு வழி தேடும் யாரோ ஒருவர் கை தவறி என் முகவரியைத் தட்டினால் ஒரு வெள்ளைப் பக்கம் வரும். அதில் 'தூத்துக்குடி ஹோட்டல்', 'வீட்டுக் கடன்', 'முழங்கால் வலி' என்று நாலைந்து வரி நிற்கும். வந்தவர் அதில் ஒன்றைத் தொட்டால் விளம்பரக்காரர் காசு கொடுப்பார். கூகுள் தன் பங்கை எடுக்கும், பார்க்கிங் கம்பெனி தன் பங்கை எடுக்கும், மீதி எனக்கு. மீதி என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன்.

"ஏலே, வெறுந்தரையக் காட்டுனா எவம்லே வாடக குடுப்பான்?" என்றார் அப்பா.

கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யுன் யே என்பவர் இப்படி 1 லட்சம் பெயருக்கு மேல் சேர்த்துவைத்திருந்தார். 2004-ல் மார்செக்ஸ் என்ற கம்பெனி அத்தனையையும் 16.4 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவன் வித்தவம்லா. நீ வாங்குனவம்லா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த நாளில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவனுக்கு முத்தும் கிடைக்கலாம், நாற்றம் மட்டுமே மிஞ்சலாம். 1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பு நின்றுபோனது. ஏலம் எடுக்கிற புத்தி நிற்கவில்லை.

சொல்லப்போனால் பார்க்கிங் எங்கள் ஊருக்குப் புதிதே இல்லை. 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகும் ஊர் அடங்கவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்த அவர் தம்பி ஊமைத்துரை, இடித்துப்போட்ட கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் எழுப்பி நிறுத்திவிட்டார். (டெண்டர் இல்லாத காலம்.) அந்த மே மாதம் கோட்டையைப் பிடித்த கும்பினிக்காரர்கள் அதைத் தரைமட்டமாக்கி, ஏர் பூட்டி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். ஊர்ப்பெயரையும் கணக்குகளிலிருந்து அடித்துவிட்டார்கள். பெயரை டெலிட் செய்துவிட்டு இடத்தைப் பார்க்கிங்கில் போடுவதை இவ்வளவு முறையாக வேறு யார் செய்திருக்கிறார்கள்? ஆமணக்கில் அவர்களுக்கு என்ன தேறியதோ, என் முழங்கால் வலி விளம்பரத்தைவிடக் கூடத்தான் தேறியிருக்கும். 1974-ல்தான் தமிழக அரசு அங்கே நினைவுக்கோட்டை கட்டியது. ஆக, பெயரை மீட்க 173 ஆண்டுகள். டாட் காம் காலாவதியாகி நீக்கப்பட்டால் மீட்க 30 நாள்தான் தருகிறார்கள், அதுவும் அபராதத்தோடு.

கிஸ்தி விஷயத்தில் மட்டும் கும்பினி எவ்வளவோ தேவலை. பதிவுக் கம்பெனி முதல் வருஷம் 99 ரூபாய் என்று கூப்பிடும். மறுவருஷம் ஆயிரத்தைத் தாண்டிக் கேட்கும். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் சிவாஜி கலெக்டர் ஜாக்சனிடம் பேசுகிற வரி வசனம் எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அதை ரெனியூவல் மெயிலுக்குப் பதிலாக ஆவேசமாக டைப் அடித்து அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் போட்டது. ஜாக்சன் அலைக்கழித்தாலும், 1798-ல் ராமநாதபுரத்தில் நேரிலாவது பார்த்தார்.

2020 ஜூனில் எனக்கு ஒரு நல்ல காலம் வந்தது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழக அரசு ஆணை போட்டது. டூட்டிகோரின் போய், தூத்துக்குடி ஆங்கிலத்தில் 14 எழுத்தாக நீண்டது. 14 எழுத்தில் கை தவறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு! அன்றிரவே பதிந்துவைத்தேன். சில நாளில் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு விற்றவர்கள் பெற்றுக்கொள்ளவில்லை.

வருமானமே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை கணக்கு திடீரென்று ஏறியது. அம்மா குடும்ப வாட்ஸாப் குழுவில் விஷயத்தைப் போட்டிருக்கிறாள். ஓட்டப்பிடாரம் சித்தப்பா கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் தட்டியிருக்கிறார். துபாயிலிருந்து அத்தான், "மாப்ள, டூட்டி முடிஞ்சதும் இன்னும் அம்பது தட்டுதேன்" என்று குரல் அனுப்பினார். பார்க்கிங் கம்பெனி 'செல்லாத கிளிக்' என்று மொத்தத்தையும் கழித்துவிட்டது. சித்தப்பாவிடம் சொல்ல மனசு வரவில்லை, இன்றைக்கும் தட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அதற்கும் வழியில்லை. 2025-ல் கூகுள் இந்த மாதிரி வெற்றுப் பக்கங்களிலிருந்து விளம்பரதாரர்களைத் தானாகவே விலக்கிவைக்கத் தொடங்கிவிட்டது. என் பாளையங்களில் முழங்கால் வலிகூட இல்லை.

இந்த நேரம் பார்த்து ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் மெயில் அனுப்பினார். ஊர் வரலாற்றைப் படங்களோடு போடப்போகிறாராம்; ஒரு பெயர் கிடைக்குமா என்று கேட்டார். யுன் யே-யை மனதில் வைத்து ஒரு விலை சொன்னேன். "வேண்டாம் தம்பி, நான் தமிழ் எழுத்திலயே 'டாட் இந்தியா'வுல வாங்கிட்டேன்" என்று இரண்டாம் நாள் எழுதிவிட்டார். இங்கிலீஷில் இத்தனை வேலி போட்டேன், மனுஷன் வீட்டு வாசல் வழியாகவே உள்ளே போயிருக்கிறார்.

ஆனால் குறிச்சிக்குச் சின்ன 'ரி' போடுகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. அதை நேற்று ராத்திரியே எடுத்துவிட்டேன்.