கேட்டில் நிற்கிற லாரியும் மேடையில் நிற்கிற ஆர்க்கிடெக்ட்டும்

ஒரகடத்தில் கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், புல்லட் செய்கிறார்கள். கொஞ்சம் தள்ளி சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் பூட்டுகிறார்கள். இத்தனைக்கும் பின்னால் ஓடுகிற சாஃப்ட்வேரைப் பற்றி நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றால் மட்டும் நந்தம்பாக்கத்துக்கோ பெங்களூருக்கோ போயாக வேண்டும். நான் கார் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து அனுப்பும் ஆலையில் ஐ.டி. பிரிவு. மார்ச் முடிவதற்குள் டிரெய்னிங் பட்ஜெட்டைச் செலவழித்தாக வேண்டும் என்று எச்.ஆருக்கு ஞாபகம் வரும்போதெல்லாம் என்னை டெவலப்பர் மாநாட்டுக்கு அனுப்பிவைப்பார்கள்.

மாநாட்டில் கழுத்தில் அட்டை மாட்டியதுமே சாதி தெரிந்துவிடும். பேச வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, அட்டையைப் பார்க்கிறார்கள். பெரிய பிராடக்ட் கம்பெனி என்றால் கை தானாக நீளும். என் அட்டையைப் படித்துவிட்டு, “ஓ, மேனுஃபாக்சரிங்கா!” என்பார்கள், துக்கம் விசாரிக்கிற குரலில்.

முதல் பேச்சாளர் எடுத்த எடுப்பிலேயே, “இன்னும் மோனோலித்தில் இருப்பவர்கள் கை தூக்குங்கள்” என்றார். தூக்கினேன். சுற்றிப் பார்த்தால் என் கை மட்டும் தனியாக நின்றது. மற்ற எல்லோரும் மைக்ரோசர்வீஸாம். ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் 2014-ல் கட்டுரை எழுதி அந்தப் பெயரைப் பரப்பிய பிறகு, ஒரே புரோகிராமாக வைத்திருப்பது கூட்டுக்குடும்பத்தில் இருப்பதுபோல் வெளியே சொல்லக் கூசுகிற விஷயமாகிவிட்டது. எங்கள் ஆலையிலும் கூட்டுக்குடும்பம்தான். அட்டெண்டன்ஸ், டிஸ்பாட்ச், கேண்டீன் கூப்பன் எல்லாம் ஒரே கூரையின் கீழ். சாம்பார் சாதத்தின் விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் டிஸ்பாட்சை ரீஸ்டார்ட் செய்யவேண்டும். அந்தப் புரோகிராமை எழுதியவர் கனடாவில் இருக்கிறார், நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த ஃபவுலரே 2015-ல், முதலில் மோனோலித்தாகக் கட்டுங்கள், தேவைப்பட்டால் பிறகு பிரித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார். அந்த ஸ்லைடை யாரும் காட்டவில்லை.

அடுத்தவர் ‘ஈவென்சுவல் கன்சிஸ்டென்சி’ பற்றிப் பேசினார். நாலு இடத்தில் இருக்கும் தகவல் நாலு விதமாக இருந்தாலும் பதறக் கூடாது, எல்லாம் கடைசியில் ஒத்துப்போய்விடும் என்பது சாரம். ஷாப்பிங் சைட்டில் ‘லைக்’ எண்ணிக்கை கொஞ்ச நேரம் முன்னே பின்னே இருந்தால் யார் குடி முழுகப்போகிறது என்று கேட்டார். சபை சிரித்தது.

எங்கள் கேட்டில் யாரும் சிரிப்பதில்லை. நைட் ஷிஃப்ட். லாரியில் சரக்கு ஏறிவிட்டது, தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. கம்ப்யூட்டரைக் கேட்டால் அத்தனை பெட்டியும் இன்னும் ஸ்டோர்ஸில்தான் இருக்கிறது என்கிறது. ஆகவே இன்வாய்ஸ் வரவில்லை. இன்வாய்ஸ் இல்லாமல் அரசின் போர்ட்டல் தரும் 64 எழுத்து ஐ.ஆர்.என். எண் வராது, அது இல்லாமல் கியூ.ஆர். கோடு இல்லை, ஈ-வே பில்லும் இல்லை. இதெல்லாம் இல்லாமல் செக்யூரிட்டி அண்ணன் தடையைத் தூக்கமாட்டார், சங்கிலியை அவிழ்க்கவும் மாட்டார். அந்தப் பக்கம் கார் லைனுக்குப் பாகம் நேரத்துக்குப் போகாவிட்டால் லைன் நின்ற நிமிடத்துக்கெல்லாம் நம் தலையில் டெபிட் நோட். டிரைவர் இறங்கி வந்து கேட்பார்: “சார், எப்போ சார் விடுவீங்க?” அவரிடம் போய், கடைசியில் ஒத்துப்போகும் அண்ணே என்று சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கேட் விவகாரம் முன்பு பெரிய கம்பெனிகளின் தலைவலியாக மட்டும் இருந்தது. இந்த எண்ணை வாங்கவைக்கும் ஈ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் வந்தபோது 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான். 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறக்கிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் சுமாராக ஓடுகிற லேத் பட்டறைகூட இன்றைக்கு எண்டர்பிரைஸ் புரோகிராமிங் செய்தாக வேண்டும். அவர்களுக்கு இதை யாரும் கீநோட் போட்டுச் சொல்லவில்லை. ஆடிட்டர் போனில் சொன்னார்.

ஜாவா பெயர் மாற்றத்துக்கு ஒரு முழு அமர்வு. ஆரக்கிள், ஜாவா ஈ.ஈ.-யை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது, பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் 2018-ல் அது ஜகார்த்தா ஈ.ஈ. ஆனது. 2020-ல் வந்த பதிப்பில் புரோகிராமுக்குள்ளேயும் ‘ஜாவாஎக்ஸ்’ என்றிருந்த இடமெல்லாம் ‘ஜகார்த்தா’. அண்ணா சாலையை இன்னும் மவுண்ட் ரோடு என்று சொன்னாலும் ஆட்டோ போகும். இங்கே பழைய பெயரைச் சொன்னால் வண்டி கிளம்பவே கிளம்பாது. நாங்கள் 2014-ல் வந்த ஜாவா 8-லேயே இருப்பதால் இந்தத் துன்பம் எங்களை இன்னும் எட்டவில்லை. பின்தங்கியிருப்பதிலும் ஒரு சௌகரியம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கான்பன். டொயோட்டா ஆலையில் டாய்ச்சி ஓனோ 1950-களில் கொண்டுவந்த அட்டை முறை இது. அலமாரியில் காலியான அளவுக்கு மட்டும் மறுபடி அடுக்கும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டிலிருந்து அவருக்கு யோசனை பிறந்தது. 2004-ல் டேவிட் ஆண்டர்சன் அதை மைக்ரோசாஃப்டின் ஒரு பராமரிப்பு அணிக்குப் பழக்கினார். அந்த அணி வேலை பார்த்தது ஹைதராபாத்தில். ஆக, தொழிற்சாலையில் பிறந்த அட்டை சியாட்டல் சுற்றி, ஹைதராபாத் வந்து, நந்தம்பாக்கத்தில் மஞ்சள் ஒட்டுத்தாளாக என் கைக்கு வந்துசேர்ந்தது. அதைப் பலகையில் ஒட்டிப் பழகச் சொன்னார்கள்.

எங்கள் லைனில் இந்த அட்டை லேமினேட் செய்யப்பட்டு, ஓரத்தில் ஓட்டை போட்டு, பின்னோடு தொங்கும். பார்ட் நம்பர், எத்தனை பீஸ், எந்த ரேக் என்று மூன்றே விவரம். லைன் லீடர் அக்காவிடம் அட்டை இல்லாமல் ஒரு போல்ட் நகராது. “கார்டு எங்கே தம்பி? கார்டு கொண்டா, அப்புறம் பேசு.” மாநாட்டுப் பலகையில் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற கட்டத்தில் தாள்மேல் தாளாக ஒட்டியிருந்ததை அந்த அக்கா பார்த்திருந்தால், “இத்தனை கார்டு வெளியே இருந்தா லைன்ல பொருளை எங்கே சார் வைப்பீங்க?” என்று கேட்டிருப்பார். பேச்சாளர் முக்கால் மணி நேரம் சொல்ல முயன்றது இதைத்தான்.

கேள்வி நேரத்தை விட்டுவிடுகிறேன். மைக்கை வாங்கியவர்களில் கேள்வி கேட்டவர் யாரும் இல்லை.

மனத்தில் நின்றது ஓரத்து ஹாலில் நடந்த சின்னப் பேச்சு. வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் பெண். கட்டம் கட்டமாகப் படம் இல்லை, அம்புக்குறி இல்லை. மாதக் கடைசி இரவில் அவர்களுடைய சிஸ்டம் விழுந்தபோது எழுதிய லாகை அப்படியே திரையில் போட்டார். பதில் வரத் தாமதமானதும் புரோகிராம் அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது, ஒரே பணம் பல தடவை போயிருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தரும்படி மாற்றினோம் என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஹாலில் பாதி நாற்காலி காலி. மற்றவர்கள் இலவசப் பைக்கு வரிசையில் நின்றார்கள்.

அந்த ஒன்றை ஊருக்கு எடுத்துவந்து டிஸ்பாட்ச் புரோகிராமில் போட்டோம். முன்பெல்லாம் சூப்பர்வைசர் பொறுமை இழந்து பட்டனைப் பத்து தடவை அமுக்கினால் ஒரே லாரிக்கு இரண்டு மூன்று இன்வாய்ஸ் பிறந்துவிடும். ஐ.ஆர்.என். எண்ணை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யவேண்டும், தவறினால் கிரெடிட் நோட், அதற்கு அக்கவுண்ட்ஸில் ஒரு பஞ்சாயத்து. இப்போது எத்தனை கோபத்தோடு அமுக்கினாலும் ஒரே இன்வாய்ஸ்தான்.

மாநாடு நடத்துகிறவர்களுக்கு என் விண்ணப்பம் இது. அடுத்த வருடம் கீநோட்டைப் பாதியாகக் குறைத்து, பெரிய ஹாலை அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள். சிஸ்டம் விழுந்த கதை கைவசம் இல்லாத ஆர்க்கிடெக்ட்டை மேடை ஏற்றாதீர்கள். அப்படியே டி-ஷர்ட்டில் மீடியம் சைஸும் கொஞ்சம் அடித்துவையுங்கள்.