காதண்ணன் பொருத்தம் பார்க்கிறார்

ஹெட்போன் வாங்க யோசனை கேட்டு வருகிறவரிடம் காதண்ணன் முதலில் கேட்பது பணம் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. தலையைப் பார்ப்பார். பக்கவாட்டில் நின்று பார்ப்பார், பின்னால் போய்ப் பார்ப்பார். காதுமடல் எவ்வளவு விரிந்திருக்கிறது, தாடை எங்கே உள்ளே போகிறது என்று கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"கண்ணாடி போடுவியா தம்பி?"

"படிக்கறப்பப் போடுவனுங்ணா."

"காதுல வேர்க்குமா?"

"கொடுமுடில யாருக்குங்ணா வேர்க்காது?"

"அப்பப் பொறுமையாத்தான் பாக்கோணும்."

பொறுமையாகப் பார்ப்பது என்றால் அடுத்த நோம்பி வரைக்கும் என்று அர்த்தம். அதற்குள் பையன் ஈரோட்டுக்குப் போய் ஏதோ ஒன்றை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். அண்ணனுக்கு அதில் வருத்தமில்லை. வாங்கியதில் உள்ள குறைகளைச் சொல்ல இனி ஆறு மாதம் கையில் இருக்கிறதே.

காதண்ணன் என்று நான் சொல்வது தனியாள் ஒருவரை அல்ல. ஈரோட்டிலிருந்து கரூர் போகிற ரயில் தடத்தில் எந்த ஊரில் இறங்கி விசாரித்தாலும் அப்படி ஒருவர் அகப்படுவார். அப்பா காலத்தில் அது ரேடியோ செட் குடும்பம். தென்னை மரத்தில் கோன் குழாயைக் கட்டி, அகுஜா ஆம்ப்ளிபையரைக் கட்டிலுக்கடியில் வைத்து, சீர், கல்யாணம், மாரியம்மன் நோம்பி எல்லாவற்றுக்கும் ஊரை எழுப்பிய குடும்பம். மகன் காலத்தில் ரேடியோ செட், 'சவுண்ட் சர்வீஸ்' ஆனது. வீட்டின் பின்னறைச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டியதும் அது 'ரெக்கார்டிங் ஸ்டுடியோ'வும் ஆனது. முட்டை அட்டை வெளிச்சத்தத்தைத் தடுக்காது என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். அறைக்குள் எதிரொலியைத்தான் ஏதோ கொஞ்சம் குறைக்கும். ஆனால் முட்டை அட்டை இல்லாத அறையை ஸ்டுடியோ என்று ஏற்க எந்த வாடிக்கையாளரும் தயாராக இல்லை.

அங்கே பதிவாகும் கலை வகைகள்: ஆட்டோ விளம்பரம், தேர்தல் பிரசாரம், கும்பாபிஷேக அழைப்பு, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, இரங்கல் அறிவிப்பு. இடையிடையே யாராவது அம்மன் பாட்டுப் பாட வருவார்கள். இந்த வேலைக்கு மூடிய முதுகு கொண்ட ஹெட்போன்தான் வேண்டும் என்று அண்ணன் சொல்லும்போது எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை. திறந்த முதுகு ஹெட்போன் காற்றோட்டமானது, இசை கொஞ்சம் விலகி நின்று ஒலிப்பதுபோல் கேட்கும். 1968இல் சென்ஹைசர் எச்டி 414 வந்தபோது உலகம் அதற்காகத்தான் சொக்கியது. ஆனால் அதன் வழியே பின்னணித் தாளம் வெளியே கசியும், பாடுகிறவர் வாய்க்கு முன்னால் இருக்கும் மைக் அதையும் சேர்த்து விழுங்கிக்கொள்ளும். பிறகு பாட்டுக்குப் பின்னால் 'டிக் டிக்' என்று கடிகாரம் ஓடுவதுபோல் ஒரு சத்தம், எடுக்கவே முடியாது. மூடிய கிண்ணம் அதைத் தடுக்கும். வெளியே கேட்கும் ரயில் ஹாரனையும் கோயில் மேளத்தையும் காதுக்கு வரவிடாமல் ஓரளவு மட்டுப்படுத்தும். வீட்டுக்காரம்மா சாப்பிடக் கூப்பிடுவதை முழுவதுமாகவே மட்டுப்படுத்தும். அந்தம்மா இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை. மெயினை அணைத்துவிடுகிறார்.

கம்பியில்லாத ஹெட்போனைக் கொண்டுவந்து காட்டினால் அண்ணன் கையால்கூடத் தொட மாட்டார். புளூடூத்தில் குரல் போய்த் திரும்ப ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கோ, இரண்டு பங்கோ தாமதமாகிவிடும். பாட்டுக் கேட்க அது பரவாயில்லை, பாடுகிறவருக்குத் தன் குரலே தனக்குப் பின்னால் ஓடிவரும். தாளம் ஆற்றோடு போகும். "கம்பி இருக்கட்டும். காது என்ன ஓடியா போகுது?" என்பார்.

கொடுமுடிக்காரர் என்பதால் அண்ணனுக்கு ஒலி விஷயத்தில் ஒரு பரம்பரை உரிமையும் உண்டு. ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் நடந்த பலப்பரீட்சையில் மேருமலை சிதறி, அதிலிருந்து தெறித்த துண்டு விழுந்த இடம் இது என்பது தலபுராணம். காற்று காட்டிய வேகத்தில் உண்டான ஊர். ஒலி என்பதும் காற்று அசைவதுதான், ஆகவே ஒலியைப் பற்றிப் பேச எங்களைவிட யாருக்குத் தகுதி என்பது அண்ணனின் வாதம். அதற்கு மேல் கே. பி. சுந்தராம்பாள் வேறு. 1908இல் இங்கே பிறந்து, மைக் இல்லாத நாடக மேடையில் நின்று கொட்டகையின் கடைசி வரிசைக்காரனைத் தூங்கவிடாமல் பாடியவர். இன்றைய ஹெட்போனின் மூதாதையை அமெரிக்காவின் யூட்டாவில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்து கடற்படைக்கு அனுப்பியது 1910இல். "அந்தம்மா ஹெட்போனுக்கு ரெண்டு வயசு மூத்தவங்க, தெரியுமா?" என்று அண்ணன் சொல்லும்போது நமக்கே நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

அந்த மரியாதையில்தான் எந்த ஹெட்போன் வந்தாலும் முதலில் 1953ஆம் ஆண்டு 'ஔவையார்' படத்தில் அந்தம்மா பாடிய பாட்டைப் போட்டுப் பார்ப்பார். அந்தக் காலத்துத் திரைப்பட ஒலித்தடத்தில் உச்ச அலைவரிசைகள் அவ்வளவாக ஏறுவதே இல்லை. 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பெட்டியில் அச்சடித்த கருவியில் அதைப் போட்டால் பாதி வீதி காலியாகக் கிடக்கும், அந்தக் காலியிடத்தில் இரைச்சல் மட்டும் உலாவும். அண்ணன் கண்ணை மூடி அதைக் கேட்டு, "இரைச்சல் எவ்வளவு சுத்தமா வருது பாரு" என்பார்.

மகுடேசுவரர் கோயிலுக்கு ராகு கேது தோஷம், நாக தோஷம் என்று வெளியூர்க்காரர்கள் பரிகாரம் செய்ய வந்துகொண்டே இருக்கிறார்கள். காவிரியில் முழுகி, வன்னிமரத்தடியைச் சுற்றி, ஈரத்துணியோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவர் ஆதலால் அண்ணனுக்கும் ஹெட்போன் என்றால் ஜாதகம், குறை என்றால் தோஷம். சோனி எம்டிஆர் 7506 என்றால், "1991ல பொறந்தது. எடை 230 கிராம், ஒல்லி. தலையில இருக்கறதே தெரியாது. ஸ்டுடியோ ஸ்டுடியோவாப் பாத்த அனுபவம். ஆனா மேல்ஸ்தாயி கொஞ்சம் கூர்மை, 'ச' வர்ற எடத்துல குத்தும். மெத்தை உரியும்." ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் என்றால், "நல்ல எடம், வசதி. கம்பியக் கழட்டி மாத்தலாம். அடித்தட்டுல கொஞ்சம் ஊதிக் காட்டும். 285 கிராம், மூணாவது மணி நேரத்துல உச்சந்தலை சொல்லும்." பேயர்டைனமிக் டிடி 770 புரோ? "அது ஜெர்மன் வம்சம். 1937லயே டிடி 48 செஞ்ச வீடு. வெல்வெட் மெத்தை, காதுக்குத் தொட்டில். உச்சத்துல ஒரு மேடு இருக்குது, அது செவ்வாய் தோஷம். 250 ஓம் வாங்கிப்போட்டு செல்போன்ல சொருகினீன்னா சத்தமே வராது, ஆம்ப்ளிபையர் வெக்கோணும். 80 ஓம்னா ஒருமாதிரி ஒத்துப்போகும்."

பரிகாரமும் அவரே சொல்வார். உச்சம் குத்தினால் ஈக்வலைசரில் அந்த இடத்தை மூன்று டெசிபெல் இறக்கு. மெத்தை உரிந்தால் வேறு மெத்தை போடு. ஆனால் மெத்தை மாறினால் ஒலியும் மாறும், மறுபடி பொருத்தம் பார்க்க வா. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவருடைய தொழில் ரகசியம் இருக்கிறது.

'பிளாட்' என்ற சொல்லை யாராவது எடுத்துவிட்டால் அன்றைக்கு மற்ற வேலை நடக்காது. துல்லியம் என்றால் வரைபடத்தில் நேர்க்கோடு என்று நினைக்கிற இளவட்டங்கள் நிறைய. அண்ணனும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். பிறகு ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் செய்த ஆய்வைப் பற்றி எங்கோ படித்தார். நல்ல ஸ்பீக்கரை நல்ல அறையில் வைத்துக் கேட்டால் காதுக்குள் எப்படி வந்து சேருமோ, அதை ஒத்து ஒலிக்கும் ஹெட்போனைத்தான் பெரும்பாலோர் சரியானது என்று சொன்னார்களாம். அந்தக் கோடு அடியில் மேடேறி, மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் குன்றாகி, பிறகு சரிகிறது. நேராக இல்லவே இல்லை. "நேர்னு சொல்றது நேரா இருக்காதுடா" என்று அன்றிலிருந்து ஒரு ஞானியைப்போல் சொல்லிவருகிறார். கேட்பவர்கள் கட்சி அரசியலைச் சொல்கிறார் என்று எண்ணித் தலையாட்டுகிறார்கள்.

இவரைக் கேலி செய்கிற நானே ஒரு விஷயத்தில் இவர் பக்கம். சுகம் வேறு, துல்லியம் வேறு என்று கடைக்காரர்கள் பிரித்து விற்கிறார்களே, அது பொய். மூடிய ஹெட்போனின் அடித்தட்டு ஒலி முழுக்க முழுக்க அந்த மெத்தை காதைச் சுற்றி எவ்வளவு இறுக்கமாகப் படிகிறது என்பதைப் பொறுத்தது. கண்ணாடியின் காம்பு ஒரு சின்ன இடுக்கு விட்டால் போதும், மிருதங்கத்தின் தொப்பி அந்த வழியே வெளியேறிவிடும். தலை சிறுத்தவருக்கு வளையம் தளரும், அப்போதும் அதேதான். அதே கருவி இன்னொருவர் தலையில் கும்மென்று ஒலிக்கும். ஆகவே தலையைப் பார்க்காமல் ஹெட்போனைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று அவர் சொல்வது அறிவியல்தான், சொல்லும் விதம்தான் சோதிடம்.

பெண்கள் பாட வந்தால் அவருடைய நுட்பம் இன்னும் விரியும். காதின் மேலேயே உட்காருகிற சின்ன ரகத்தை மாட்டினால் தோடும் மெத்தையும் சண்டை போடும், நாலாவது வரியில் காது சிவந்து சுருதி போய்விடும். மாட்டலைக் கழற்றச் சொன்னால், கூட வந்த அத்தை முறைப்பார். கொண்டையில் பூ இருந்தால் வளையம் பின்னால் சரியும். காதை முழுக்கச் சுற்றிக் கவிகிற பெரிய கிண்ணம்தான் அதற்கெல்லாம் வழி. எண்ணெய் விவகாரம் அடுத்தது. இது தென்னை ஊர். தலையில் எண்ணெய் வைக்காதவரை இங்கே காய்ச்சல்காரராகத்தான் பார்ப்பார்கள். அந்த எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து செயற்கைத்தோல் மெத்தையை ஒரு கோடையிலேயே உரித்துவிடும். பிறகு அந்த ஸ்டுடியோவில் வெள்ளைச் சட்டையோடு நுழைந்த கட்சிக்காரர் காதோரமும் தோளிலும் கறுப்புச் செதிலோடு வெளியே வருவார். மெத்தைமேல் பழைய பனியனை வெட்டி உறை தைத்துப் போட்டால் செதில் நிற்கும், ஒலி கொஞ்சம் மங்கும். அண்ணன் அதையும் பலமுறை போட்டு, பலமுறை கழற்றியிருக்கிறார்.

அவர் தோற்ற ஒரே இடம் சொந்த வீடு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் ஒருநாள் செல்போனில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள்.

"பத்தாயிரம். கேக்குதுங்களா மாமா?"

"கேக்குது."

"பன்னெண்டாயிரம்?"

"ம்... கேக்குது கேக்குது."

"பதினாறாயிரம்?"

"இன்னும் போடவே இல்லியே அம்மிணி."

அவள் தன் காதில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். கொசு காதுக்குள் புகுந்ததுபோல் கேட்கிறது என்றாள். வயது ஏற ஏற மேல்ஸ்தாயி கேட்காமல் போவது எல்லாருக்கும் உள்ளதுதான். இவரோ சிறு வயது முழுக்கக் கோன் குழாய்க்கு அடியில் தூங்கி எழுந்தவர். 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி அண்ணன் தன் பங்கை எட்டு வயதுக்குள்ளேயே கேட்டு முடித்துவிட்டார். ஆனால் சோதனைக்குப் பிறகு அவர் சொன்ன தீர்ப்பு: "இந்த ஜோடிக்கு உச்சம் பத்தாது. வேற பாக்கோணும்."

வேறு பார்க்கத் தொடங்கினார். ஒரு குவிண்டால் மஞ்சள் நல்ல விலை போன நாளில் கிடைக்கிற பணத்தை மொத்தமாகப் போட்டுப் புதிய ஜோடி ஒன்றும் வந்து சேர்ந்தது. அதை மாட்டியதும் இத்தனை வருடம் கேட்காத ஒன்று கேட்டது: தன் பதிவுகள் எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிசாக ஓர் உறுமல். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். எர்த் கம்பியில் எங்கோ கோளாறு. அண்ணன் துடித்துப்போனார். ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் புதிதாகப் போட்டார். கேபிளை மாற்றினார். ஃபிரிஜ்ஜை அணைத்தார், பால் திரிந்தது. தேர்தல் நேரம் வேறு. வேட்பாளருக்காகச் செய்த பிரசாரப் பதிவில் அந்த உறுமலை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சீவி எடுத்தார்.

அந்தப் பிரசாரம் ஒலிக்கப்போவது எதில்? ஆட்டோவின் தலையில் கட்டிய கோன் குழாயில். அதில் 50 ஹெர்ட்ஸ் வரவே வராது. அது முன்னூறு ஹெர்ட்ஸ் வரை இறங்குவதே பெரிய பாடு. உறுமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒன்றுதான். இதை நான் அண்ணனிடம் சொன்னேன்.

"கோனுக்குத் தெரியாதுங். எனக்குத் தெரியுமுங்களே" என்றார்.

மறுநாள் ஆட்டோ கடைவீதிக்கு வந்தது. எக்கோவை யாரோ முழுக்கத் திருப்பிவைத்திருந்தார்கள். வாக்காளப் பெருமக்களே என்பது மூன்று தெருவில் மூன்று முறை கேட்டது. அண்ணன் டீக்கடை வாசலில் டம்ளரோடு நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்சிக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வேகமாக வந்தார்.

"ஏனுங்ணா, எல்லாம் நெம்ப நல்லாத்தான் இருக்குதுங். சத்தந்தான் கொஞ்சம் பத்தலீங்."